பாரிஸ் ஸ்டடி டிரிப், ரெண்டு லட்சம் கேக்குறாங்க

மஞ்சக்குப்பம்காரன்: பொண்ணு பாண்டில ஆர்க்கிடெக்சர் படிக்குது, பாரிஸ் டிரிப்புக்கு ரெண்டு லட்சமாம், சீட்டு எடுத்துக் கட்டவா இல்ல நகைய வைக்கவா, விசா ரிஜெக்ட் ஆனா காசு திரும்புமா, யாராச்சும் சொல்லுங்க

லாஸ்பேட்டை அக்கா: ஷெங்கன் விசா (பிரான்ஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஃபீஸ் 90 யூரோ, ரிஜெக்ட் ஆனாலும் வராதுங்க. டிக்கெட், ஹோட்டல் காசுல எவ்ளோ திரும்பும்னு எழுத்துல வாங்கிட்டு கட்டுங்க. அப்புறம் சீட்டுப் பணத்த கடைசி நேரத்துல மொத்தமா அக்கவுண்ட்ல போட்டா பேங்க் ஸ்டேட்மெண்ட் பாத்து விசா ஆபீஸ்ல கேள்வி வரும், சீட்டு எடுத்த ரசீத சேத்து வைங்க

நெய்வேலி தம்பி: வெளிநாட்டு டூர் பேக்கேஜ்னா டிசிஎஸ் (காசு வாங்குறப்பவே சேத்து வாங்குற வரி) புடிப்பாங்கண்ணே, உங்க பான் நம்பர்ல புடிக்கச் சொல்லுங்க, ஐடிஆர்ல (வருமான வரி ரிட்டர்ன்) கிளெய்ம் பண்ணிக்கலாம். விசாவுக்கு எடுக்குற டிராவல் மெடிக்கல் இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்கு குறையக்கூடாது

மஞ்சக்குப்பம்காரன்: டிரிப் நடத்துறவங்க ரொக்கமா குடுங்கன்றாங்க, பில் கேட்டா முறைக்கிறாங்க

லாஸ்பேட்டை அக்கா: அப்ப ஒத்த ரூபா குடுக்காதீங்க, மத்த பேரண்ட்ஸையும் கூட்டிட்டுப் போய் கேளுங்க