மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்ல

வித்யா: இன்னிக்கு நூலகத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். மனசே சரியில்ல

மீனா சித்தி: என்னடி ஆச்சு

வித்யா: ஒரு அம்மா நாயோட உள்ள வந்தாங்க. நான் பின்னாலேர்ந்து "மேடம், நாய்க்கு அனுமதி இல்ல"ன்னு மூணு தடவை கூப்பிட்டேன். கண்டுக்கவே இல்ல. என்ன திமிர்னு நினைச்சு நாலாவது தடவை கத்தியே விட்டேன்

வித்யா: நாய்தான் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் மூக்கால அவங்க காலை இடிச்சுச்சு. அதுக்கப்புறம்தான் அவங்க திரும்பினாங்க

பெரியப்பா: காது கேக்காதவங்களா?

வித்யா: ஆமா பெரியப்பா. நாய் மேல போட்டிருந்த சட்டையிலயே எழுதியிருந்துச்சு. நான் நாயைப் பாத்தேன், எழுத்தைப் பாக்கல 😞

சுரேஷ் மாமா: 🎤 குரல் செய்தி (1:42)

மீனா சித்தி: கண்ணு தெரியாதவங்க நாய் வச்சுக்கறது தெரியும், காதுக்கு நாய் என்ன பண்ணும்னு அண்ணா கேக்கறார். மிச்சமெல்லாம் இருமல்

கார்த்தி: மாமா, இங்க பிரிட்டன்ல இதுக்குன்னே ஒரு தொண்டு நிறுவனம் 1982லேர்ந்து இருக்கு. கதவு மணி, அலாரம், குழந்தை அழுகை, எது கேட்டாலும் வந்து மூக்காலயோ காலாலயோ தொடும். "என்ன?"ன்னு கை காட்டினா சத்தம் வர்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்

கார்த்தி: தீ அலாரத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாது. தொட்டுட்டு அங்கேயே தரையில படுத்துடும். ஆபத்துன்னு அர்த்தம்

மீனா சித்தி: அடேயப்பா. நெருப்புகிட்டயே கூட்டிட்டுப் போயிட்டா என்ன ஆகறது, சரியாத்தான் பழக்கியிருக்காங்க

மீனா சித்தி: ஆனா எனக்கு நாய்னாலே உதறும். நான் அங்க உக்காந்திருந்தா?

கார்த்தி: உங்களுக்கு வேற மூலையில நல்ல நாற்காலி போடணும் சித்தி. அவங்களை வெளிய அனுப்பக் கூடாது. அமெரிக்காவுல 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பயம், அலர்ஜி ரெண்டுமே மறுக்கறதுக்குக் காரணம் ஆகாது. பாத்ததும் புரியலைன்னா ரெண்டே கேள்விதான் கேக்கலாம்: உடல் குறைபாட்டுக்காகத் தேவைப்படற நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கீங்க? சான்றிதழ் காட்டுன்னு கேக்க முடியாது, வேலையைச் செஞ்சு காட்டச் சொல்லவும் முடியாது

பெரியப்பா: நாய் ரகளை பண்ணினா?

கார்த்தி: அடக்காம விட்டாங்கன்னா நாயை வெளிய கொண்டு போகச் சொல்லலாம்ப்பா. அப்பவும் அவங்களுக்கு மட்டும் சேவை உண்டு. இங்க பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் இருக்கு. டாக்ஸிக்காரர் ஏத்த மாட்டேன்னும் சொல்லக் கூடாது, நாய்க்குன்னு கூடுதல் காசும் கேக்கக் கூடாது. தனக்கு உடம்புக்கு ஆகாதுன்னு விலக்குச் சான்று வாங்கி வச்சிருந்தாதான் தப்பிக்கலாம்

வித்யா: சட்டத்தை விடுங்கண்ணா. உள்ள விட்டதுக்கு அப்புறம்தான் நான் இன்னும் கேவலமா நடந்துக்கிட்டேன். மன்னிப்பு கேக்கறேன்னு வாயை அகலமாத் தொறந்து ஒவ்வொரு எழுத்தா கத்தினேன். அவங்க சிரிச்சுட்டு ஒரு காயிதத்துல எழுதினாங்க: "சாதாரணமாப் பேசுங்க. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்கறீங்க, உங்க முகமே இருட்டா இருக்கு"

மீனா சித்தி: அட!

வித்யா: உதட்டைப் பாத்துப் படிக்கறவங்களுக்கு வெளிச்சம் நம்ம முகத்துல விழணுமாம். இந்தப் பக்கம் வந்து நின்னேன், பாதி பிரச்சினை தீந்துச்சு. மீதிக்குப் பேனா

வித்யா: அதுக்குள்ள கூட வேலை பாக்கறவர் வந்து "அச்சோ குட்டி"ன்னு நாயைத் தடவ ஆரம்பிச்சுட்டார். அவங்க முகம் மாறிடுச்சு. வேலை நேரத்துல கொஞ்சினா நாயோட கவனம் போயிடும்னு எழுதிக் காட்டினாங்க. அந்த நேரம் அவங்களுக்குக் காதே இல்லன்னு ஆயிடுது இல்ல?

கார்த்தி: ரொம்பப் பேர் அவங்களை விட்டுட்டு நாய்கிட்டதான் பேசுவாங்க

வித்யா: நானும் அவங்களை உக்காரச் சொல்லும்போது நாயைப் பாத்துத்தான் சொன்னேன் 🙈 அது பாட்டுக்கு மேசைக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. யாரும் வாலை மிதிக்காம இருக்கணும்னு பக்கத்து நாற்காலியை மட்டும் நகத்தி வச்சேன்

வித்யா: வாசல் பலகையில "உதவி நாய்களுக்கு அனுமதி உண்டு"ன்னு சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். காவலாளி அண்ணன்கிட்டயும் சொல்லணும், முதல்ல நிறுத்தப் போறது அவர்தான்

சுரேஷ் மாமா: 🎤 குரல் செய்தி (2:10)

பெரியப்பா: சுரேஷ், எழுதி அனுப்புப்பா. நீ அனுப்பற குரல் செய்தி எதையும் நான் ரெண்டு வருஷமாக் கேக்கறதில்ல

மீனா சித்தி: ஏன் அத்தான், சண்டையா?

பெரியப்பா: சண்டை எல்லாம் இல்லம்மா. இடது காது சுத்தமாக் கேக்கறதில்ல. வலதுலயும் பாதிதான்

கார்த்தி: அப்பா?? நேத்து அரை மணி நேரம் போன்ல பேசினோமே

பெரியப்பா: நீ பேசினே. நான் ம் போட்டேன்

கார்த்தி: இனிமே வீடியோ கால்ல வரேன்ப்பா

வித்யா: கார்த்தி அண்ணா, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காராதீங்க

சுரேஷ் மாமா: அத்தான் டைப் பன்றேன் இருங்க. மெதுவா தான் வறும்