வேங்கைக் கதவில் கறை மேலே வருகிறது, என்ன அடிக்கலாம்?

நண்பர்களே, தாத்தா காலத்து வேங்கைக் கதவை இழைத்து, வாட்டர் பேஸ் வெள்ளை பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் காலையில் கீழ்ச் சட்டம் முழுக்க டீ சிந்தியது போல மஞ்சள் பழுப்புக் கறை. மூன்றாவது கோட்டிலும் ஊறி வந்துவிட்டது. மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீரில் கரையும், பிரைமரின் ஈரமே அதை மேலே இழுக்கிறது என்பது புரிகிறது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் அடைபடும், சரி. ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அந்த வாடை வேண்டாம் என்று பார்க்கிறேன்.

டானினைத் தடுக்கும் வாட்டர் பேஸ் பிரைமரை வேங்கையிலோ கருவேலத்திலோ யாராவது அடித்திருக்கிறீர்களா? எத்தனை கோட், நடுவில் எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள்? அப்புறம், பழைய கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டுமா, மேலேயே அடிக்கலாமா? கதவு இன்னும் திண்ணையில்தான் சாய்ந்து கிடக்கிறது.