ஒரே கம்பெனி, ஒரே ஹால், ஆனால் "நம்ம சவுண்ட்" வரவில்லை. எங்கே கோளாறு?

கேட்டவர்

22 வருடமாக எங்கள் வீட்டில் ஒரே கம்பெனியின் ஸ்டீரியோ செட்தான். அப்பா வாங்கியது. ஆம்ப்ளிஃபையர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், எல்லாவற்றிலும் ஒரே பெயர். அப்பா காலமான பிறகும் நான் அதை விடவில்லை. போன மாதம் வால்யூம் குமிழில் கரகரப்பு தாங்க முடியாமல் போனதால் புது செட் வாங்கினேன். வேறு கம்பெனியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதே பெயர், கிட்டத்தட்ட அதே அளவு ஸ்பீக்கர், அவர்கள் வரிசையில் ஒரு படி மேலே உள்ள மாடல்.

ஒரு மாதம் ஆகிறது, மனசு ஒட்டவே இல்லை. பாடுபவர் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை, அறை முழுக்கக் கலைந்து கிடக்கிறது. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கிறது, கனமாக ஒலிக்கும் இடப்பக்கத் தொப்பியைக் காணோம். பழைய செட்டில் தொப்பி விழுந்தால் சோஃபாவின் கைப்பிடியில் வைத்த விரலுக்கு அது தெரியும். அது போக, இதில் மேல் ஸ்தாயி கொஞ்சம் காதைக் குத்துகிறது.

பழைய ஸ்பீக்கர்கள் சுவரை ஒட்டிய அலமாரியில் இருந்தன. புதியவற்றை ஸ்டாண்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் வைத்திருக்கிறேன். டோன் குமிழ்கள் நடுவில். பெரும்பாலும் இரவில், சத்தம் குறைவாக வைத்துத்தான் கேட்பேன்.

கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அதன் பின்னால் போய்விடும். நான் இணைத்ததில் தப்பா, இல்லை கம்பெனியே மாறிவிட்டதா? இரண்டாவது என்றால் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் தெரிந்தாக வேண்டும்.

பதில் 1

குரல் கலைந்திருக்கிறது, தாழ்ந்த ஒலியான பேஸும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் வயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒன்றின் கோன் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) வெளியே வரும்போது மற்றதன் கோன் உள்ளே போகும். இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரலுக்கும் நிற்க இடம் இருக்காது.

சோதிக்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஸ்பீக்கர் வயர் இரண்டையும் ஆம்ப் பக்கம் கழற்றிவிடுங்கள். ஆம்பில் பிளஸுக்குப் போன முனையில் பேட்டரியின் பிளஸ், மற்ற முனையில் மைனஸ், ஒரு கணம் தொட்டு எடுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம். 'டப்' என்று ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளைப் பாடும் பெரிய வட்டு) அசையும். இரண்டு ஊஃபரும் ஒரே பக்கமாக அசைய வேண்டும். முன்பக்க வலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

கேட்டவர்

நீங்கள் சொன்னதுதான். வலது ஊஃபர் வெளியே வந்தது, இடது உள்ளே போனது. என் வயரில் சிவப்பு, கருப்பு கிடையாது. ஒரு இழையின் மேல் மட்டும் நீளவாக்கில் மெல்லிய வரி ஒன்று புடைத்திருக்கிறது, நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. அலமாரிக்குப் பின்னால் இருட்டில் அதை மாற்றிச் செருகியிருக்கிறேன். மிகவும் நன்றி. குரல் இப்போது நடுவில் வந்து நிற்கிறது, தொப்பியும் வந்துவிட்டது.

ஆனாலும் முழுசாகச் சரியாகவில்லை. பழைய செட்டில் இருந்த அந்தக் கனம், அந்த மென்மை இரண்டும் இல்லை. நல்ல சவுண்ட்தான், ஆனால் நம்ம சவுண்ட் இல்லை. பழையதை மறுபடி இணைத்துப் பார்த்தேன், குமிழை அதே அளவுக்குத் திருப்பினால் அது நிறைந்து கேட்கிறது. கம்பெனி தரத்தைக் குறைத்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. விற்றுவிட்டு வேறு பிராண்டுக்குப் போய்விடலாமா?

பதில் 2

விற்க வேண்டாம். இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கம்பெனி மாறியதா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் உள்ள பெயர் அப்படியே இருக்கும், பின்னால் ஆட்கள் மாறியிருப்பார்கள். டெனான், மராண்ட்ஸ் என்ற இரண்டு ஆடியோ பிராண்டுகளும் 2002-லிருந்து ஒரே குடையின் கீழ். இது மென்மை, அது துல்லியம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிற பலருக்கு இது தெரியாது. ஹார்மன் நிறுவனத்தின் ஜேபிஎல், ஏகேஜி, ஹார்மன் கார்டன் மூன்று பிராண்டும் 2017-லிருந்து சாம்சங் வசம். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பிபிசி தன் வேலைக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கித் தங்கள் பெயரில் செய்தன. பெயர் வேறு, வரைபடம் ஒன்று. ஆக, "இந்தக் கம்பெனி சவுண்ட்" என்பது நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியான பொருள் இல்லை. கம்பெனி கெட்டுவிட்டது என்று சொல்வதற்கும் அதே காரணத்தால் நான் தயங்குவேன்.

இனி உங்கள் செட். "குமிழை அதே அளவுக்குத் திருப்பினால்" என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம். இரண்டு ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும் (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கையேட்டில் பாருங்கள். ஒன்று 90 டெசிபல், மற்றது 86 என்று இருந்தால், அந்த 4 டெசிபலை ஈடுகட்டப் புதியதற்கு இரண்டரை மடங்கு பவர் வேண்டும். குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் பழையது சத்தமாகத்தான் பாடும். ஒரு டெசிபல் வித்தியாசத்தையே காது "சத்தம் அதிகம்" என்று படிக்காது, "இது நன்றாக இருக்கிறது" என்று படிக்கும். கடைசியில் பாராட்டு சத்தத்துக்குப் போகும், பெயர் கம்பெனிக்குப் போகும்.

அடுத்தது சுவர். அலமாரியில் சுவரோடு ஒட்டியிருந்தபோது சுவரும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுத்தது. இப்போது ஒரு மீட்டர் முன்னால் வந்துவிட்டதால் பின் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலிக்கு எதிராக வந்து சேரும், அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். தொப்பிக்கு நீங்கள் தேடுகிற கனம் இருப்பதும் ஏறத்தாழ அந்த வட்டாரத்தில்தான்.

மென்மையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 22 வருடப் பழைய ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயியைப் பாடும் சின்ன வட்டான ட்வீட்டருக்குப் போகும் வழியில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் (உள்ளே திரவம் கொண்ட மின் உதிரி) இருந்தால் அது இந்நேரம் காய்ந்திருக்க வாய்ப்புண்டு. காய்ந்தால் ட்ரெபிள், அதாவது மேல் ஸ்தாயி, மங்கும். மாதத்துக்கு இம்மி இம்மியாக மங்குவதால் தினமும் கேட்பவருக்குத் தெரியாது. நீங்கள் ரசித்த மென்மையில் ஒரு பங்கை கம்பெனி தந்தது, இன்னொரு பங்கைக் காலம் தந்தது. அப்படியே ஊஃபரைச் சுற்றியுள்ள வளையத்தையும் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் இத்தனை வருடத்தில் பொடிந்து விரலில் ஒட்டும். ரப்பர் என்றால் கவலை இல்லை.

கடைசியாக, பழைய ஆம்பில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருந்ததா? அமுங்கியிருந்ததா?

இவ்வளவும் பார்த்த பிறகு, பெயர் தெரியாமல் ஒரு தடவை கேளுங்கள். ஹார்மனின் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹார்மன் ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள், பிறகு கண்ணால் பார்த்துப் போடச் சொன்னார்கள். பார்த்தபோது மதிப்பெண்கள் வேறு மாதிரி விழுந்தன. அது மட்டுமில்லை. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றினால் ஒலி உண்மையாகவே மாறும். திரை இருந்தபோது அதைப் பிடித்த அதே காதுகள், பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கே இப்படி என்றால் அப்பா வாங்கிய செட்டின் மேல் பாசம் வைத்திருக்கும் நமக்கு எப்படி இருக்கும்? இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

செய்முறை: பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். மோனோவில் ஒற்றை ஸ்பீக்கராகக் கேட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். முன்னால் மெல்லிய துணித் திரை. இரண்டையும் புது ஆம்பில் ஏ, பி என்ற இரு ஸ்பீக்கர் இணைப்புகளில் கொடுங்கள். பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான ஒரே சீரான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனை வைத்து ஏதாவது ஒரு டெசிபல் செயலியில் இரண்டின் அளவையும் சமமாக்குங்கள். போன் காட்டும் எண் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்பிடத்தானே வேண்டும். எது பாடுவது என்பதை வீட்டில் வேறொருவர் நாணயம் சுண்டித் தீர்மானிக்கட்டும். நீங்கள் கண்டுபிடிக்க முயல வேண்டாம், எது பிடித்தது என்று மட்டும் எழுதுங்கள்.

பதில் 3

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் ஒரே பிராண்டில் நிற்பவர்களுக்காக நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன். ஹோம் தியேட்டருக்கு முன்பக்க மூன்று ஸ்பீக்கரும் ஒரே கம்பெனியில், முடிந்தால் ஒரே வரிசையில் இருப்பதுதான் நல்லது. திரையில் ஒருவர் இடமிருந்து வலமாக நடந்து போகும்போது குரலின் நிறம் நடுவில் மாறாது. ரிமோட் ஒன்று போதும், உதிரி பாகம் தேடும் இடமும் பழகியிருக்கும். நான் மூன்று தடவை வேறு கம்பெனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். திரும்பி வந்ததற்குக் காரணம் அளவீடு எதுவும் இல்லை. மாலையில் வந்து உட்கார்ந்தால் இதில் எழுந்து போகத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். அதுவும் ஒரு காரணம்தான் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

வளையம் ரப்பர், நன்றாக இருக்கிறது. சென்சிட்டிவிட்டி நீங்கள் உதாரணமாகச் சொன்ன அதே எண்கள், பழையது 90, புதியது 86. மனைவி ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 டெசிபல் ஏற்றி இறக்கினாள். ஆம்பின் திரையை நான் பார்க்காமல் இருக்க ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்தோம். மகள் நாணயம் சுண்டினாள். மொத்தம் 12 சுற்று. டோன் எல்லாம் நடுவில்.

12-இல் 10 தடவை நான் புதியதைத்தான் எழுதியிருக்கிறேன். தாளை மகள் வாசித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பழையதைப் பற்றி என் கையெழுத்திலேயே "போர்வை போர்த்திய மாதிரி" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது.

அப்புறம் லவுட்னஸ் பட்டன். அப்படி ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. ஆம்பை மேஜையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பேஸ் குமிழுக்குப் பக்கத்தில் முகப்பின் நிறத்திலேயே ஒரு துண்டு டேப். ஓரமெல்லாம் பழுத்து மஞ்சளாகி, தூசி ஏறிக் கிடந்தது. இத்தனை வருடம் அது முகப்பின் ஒரு பகுதி என்றே நினைத்துத் துடைத்திருக்கிறேன். மெதுவாக உரித்தால் கீழே அந்தப் பட்டன், உள்ளே அமுங்கிய நிலையில். யாரும் கை தவறி எடுத்துவிடக் கூடாது என்று அப்பா ஒட்டி வைத்திருக்கிறார். பேஸ் குமிழும் நடுவில் இல்லை, இரண்டு கோடு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை.

பட்டனை விடுவித்துக் கேட்டேன். பழைய செட்டும் புதியது மாதிரியே மெலிந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். அப்பா வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அன்று இரவு மேற்கொண்டு எதையும் சோதிக்கவில்லை.

நான் இத்தனை வருடம் கம்பெனியின் சவுண்ட் என்று நினைத்தது அப்பாவின் காது. அது எனக்கு இன்னும் வேண்டும். ஆனால் புது ஆம்பில் லவுட்னஸ் பட்டன் இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 2

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த டேப்பைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் அப்பா செய்ததில் நல்ல நியாயம் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு நடு ஸ்தாயியை விட பேஸ் வேகமாக மறையும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வரைகோடாகப் போட்டுவிட்டார்கள். லவுட்னஸ் பட்டன் அந்த இழப்பை ஈடுகட்ட வந்ததுதான். இரவில் மெல்ல வைத்துக் கேட்கும் வீட்டுக்கு அது பொருத்தமான பட்டன். பேஸை ஏற்றினால் சுத்தம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் கேட்கும் அளவுக்கு அது பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

முதலில் குமிழைத் தொடாமல் ஸ்பீக்கரைச் சுவர் பக்கம் தள்ளுங்கள். போர்ட் (பெட்டியில் உள்ள காற்றுத் துளை) பின்பக்கம் இருந்தால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒரு நாள் கேளுங்கள். அதற்குப் பிறகு பேஸை ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். அளவுகோல் உங்களிடமே இருக்கிறது: சோஃபாவின் கைப்பிடியில் விரலை வையுங்கள். தொப்பி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். மேல் ஸ்தாயி இன்னும் குத்தினால் ஸ்பீக்கர்களை உங்கள் காதுக்கு நேராகத் திருப்பாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்க விடுங்கள், ட்ரெபிள் குமிழில் கை வைப்பது அதற்குப் பிறகு. சத்தமாக வைக்கும் நாளில் பேஸை இறக்கிவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் குமுறும்.

கேட்டவர்

சுவருக்கு 25 சென்டிமீட்டர், பேஸ் 4 டெசிபல் மேலே, ஸ்பீக்கர்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன. ட்ரெபிளைத் தொடவே தேவைப்படவில்லை. நேற்று இரவு ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை முழுக்கக் கேட்டேன், விரல் கைப்பிடியில்தான் இருந்தது. வந்துவிட்டது. குரல் பழையதை விட முன்னால் நிற்கிறது, மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது.

பழைய ஆம்பின் வால்யூம் குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்ததில் கரகரப்பு பெருமளவு போய்விட்டது. அதையும் பழைய ஸ்பீக்கர்களையும் மகள் தன் அறைக்கு எடுத்துக்கொண்டாள். போன மறுநாளே லவுட்னஸை எடுத்துவிட்டு, பேஸையும் நடுவில் வைத்துவிட்டாள். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கிறதாம். சரி என்று விட்டுவிட்டேன்.