குதிரைமசாலுக்குப் போன ஏரி

ஆம்பூர்க்காரன்:
உப்பு ஏரியை நேரில் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்து கிரேட் சால்ட் லேக். 2022 அக்டோபர். அண்ணன் அங்கே வேலையில் இருக்கிறார், அப்பாவையும் கூட்டிப் போயிருந்தோம். அப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர்.

கார் கதவைத் திறந்ததுமே நாற்றம். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் சிரித்தார். "என்னடா, ஆம்பூருக்கே திரும்பி வந்துட்டோமா?"

கரை என்று இருந்த இடத்திலிருந்து தண்ணீரைத் தொட வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. மேலே அப்பளம் மாதிரி நொறுங்கும் உப்பு, அடியில் கருஞ்சேறு. அப்பா குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். "மண்ணு கலந்திருக்கு, தோலுக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டார்.

அப்புறம்தான் கேட்டார்: "இதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" பேர், வீபர், ஜோர்டான் என்று மூன்று ஆறுகள் வந்து விழுகின்றன. வெளியே போக வழி கிடையாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். "நம்ம ஷாப்புல உப்புத் தோலை ஊறவெச்ச தண்ணியைக் காயவைக்கிற தொட்டி மாதிரி" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆனால் தொட்டிக்கு வரவேண்டிய தண்ணீரை மேலேயே எடுத்துவிடுகிறார்கள். ஊருக்குக் குடிக்க எடுப்பதைவிட வயலுக்கு எடுப்பதுதான் அதிகம், அதிலும் பெரும்பங்கு மாட்டுத் தீவனத்துக்கு. அண்ணன் "அல்ஃபால்ஃபா" என்றார். போனில் படத்தைக் காட்டியதும் அப்பா, "அட, குதிரைமசாலு! இதுக்கா?" என்றார்.

ஏரி தாம்பாளம் மாதிரி ஆழமில்லாதது. மட்டம் ஓர் அடி இறங்கினால் கரை எங்கோ போய்விடும். 1980களின் வெள்ளத்தில் சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்தது, நாங்கள் பார்த்த வருஷம் 2,500-க்கும் கீழே. வரலாற்றிலேயே குறைந்த மட்டம் அடுத்த மாதமே, நவம்பரில் பதிவானது. காய்ந்த தரையில் ஆர்சனிக் இருக்கிறது. காற்றடித்தால் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பக்கத்து ஊர்கள் மேல் அந்தத் தூசி போகும். 2023-இல் நல்ல பனி விழுந்து மட்டம் கொஞ்சம் ஏறியது. அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது என்றுதான் அண்ணன் சொல்கிறார்.

குடியாத்தம் வாசகர்:
தம்பி, பையன் டாக்டருக்குப் படிக்கும் உஸ்பெகிஸ்தானுக்குப் போனபோது மொய்னாக் போனேன். ஆரல் கடல் இருந்த இடம். மணலில் துருப்பிடித்த கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன, சுற்றி முட்செடி. 1960-இல் 68,000 சதுர கிலோமீட்டராம், உலகத்தில் நாலாவது பெரிய ஏரி. அதில் விழுந்த ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திக்குத் திருப்பிவிட்டார்கள். எங்களுடையது லுங்கி நெய்யும் குடும்பம். பருத்தி என்று கைடு சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வடக்கே கஜகஸ்தான் பக்கம் மட்டும் 2005-இல் ஓர் அணை கட்டி, கொஞ்சம் கடலையும் மீனையும் மீட்டிருக்கிறார்கள்.

வாணியம்பாடி:
அங்கே உப்பு ஏரி வற்றுகிறது, சரி. இங்கே பாலாறு வற்றி, கிணறெல்லாம் உப்பாகிவிட்டதே. தோல் ஷாப் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அப்போது ஒரு வாரம் வெந்தது என்று அம்மா சத்தியம் பண்ணுகிறார்.

ஆம்பூர்க்காரன்:
உங்கள் அம்மா சொல்வதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், தலையாட்டினார். கேட்க மறந்துவிட்டீர்கள்: தண்ணீரில் இறங்கினோமா? முழங்கால் வரைதான் இறங்கினோம். அப்பாவின் தோல் செருப்பு அந்த உப்பில் ஊறி, ஊர் வந்தபிறகும் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக்கொண்டே இருந்தது. "யார் பதம் போட்ட தோலோ" என்று அவருக்கு அதிலும் ஒரு குறை.