புதுப்பிப்பு: 18,000 மெயில் தேங்கிய இன்பாக்ஸ், மூன்று வாரம் கழித்து

படிக்காத மெயில் 18,000 தாண்டிவிட்டது, ஜிமெயிலின் 15 ஜிபி இடமும் நிரம்பப் போகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். மெயில்களைத் தானாகப் பிரித்து வைக்கும் ஃபில்டர் போடச் சொன்னீர்கள். போட்டேன். இப்போது இன்பாக்ஸில் 40 சொச்சம்தான்.

பெரிய வேலையைச் செய்தது ஒரே ஃபில்டர். விளம்பர மெயில்களின் அடியில் பொடி எழுத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்குமே, அந்தச் சொல் உள்ளதெல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல் 'அப்புறம்' என்ற லேபிளுக்குப் போகும்படி வைத்தேன். பழைய மெயில்களுக்கும் பொருந்தச் செய்யும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். முதல் தடவை நான் மறந்துவிட்டு, ஒன்றுமே நகரவில்லையே என்று முழித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, மொபைல் செயலியில் ஃபில்டர் உருவாக்க முடியாது, கணினியில்தான்.

சரி, சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிப்பு நினைவூட்டலிலும் அதே சொல் இருந்திருக்கிறது. அதுவும் 'அப்புறம்' போய்விட்டது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. இப்போது 'இந்தச் சொற்கள் இல்லாதவை' என்ற பெட்டியில் ரினியூவல், இன்வாய்ஸ், பாலிசி ஆகியவற்றை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன்.

இடம் காலியானது ஃபில்டரால் அல்ல. லேபிள் மாற்றினால் ஒரு எம்பிகூடக் குறையாது. 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில்களைத் தேடி அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகுதான் மூச்சு வந்தது. பாதி அண்ணன் கல்யாணப் போட்டோக்கள். தரவிறக்கிவிட்டுத்தான் அழித்தேன், அண்ணி கவலைப்பட வேண்டாம்.