டயர்ல காத்து மெதுவா இறங்குது: பங்ச்சர் போடலாமா, மாத்தணுமா? (நியூ ஜெர்சி)

கேள்வி: வணக்கம். நியூ ஜெர்சிக்குப் புதுசு. பழைய டொயோட்டா கேம்ரி ஒண்ணு வாங்கியிருக்கோம். முன்பக்க டயர் ஒண்ணுல வாரத்துக்கு 5, 6 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) இறங்குது. காட்டின கடையில நாலு டயரையும் மாத்தணும்னு சொல்றாங்க. பங்ச்சர் மட்டும் போட்டா போதாதா?

பதில் 1: காத்து எங்கிருந்து போகுதுன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க. ஓட்டை டயர்லதான் இருக்கணும்னு இல்ல.

முதல்ல அளவு சரியாப் பாருங்க. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கணும். எவ்வளவு காத்து வேணும்னு டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கறது உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீங்க. குளிர்காலத்துல வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைஞ்சா சுமார் 1 பிஎஸ்ஐ தானா இறங்கும். அக்டோபர், நவம்பர்ல முதல் குளிர் வந்ததும் டேஷ்போர்டுல டயர் விளக்கு எரியறது பெரும்பாலும் இதனாலதான். ஆனா அப்ப நாலு டயர்லயும் சேர்ந்து இறங்கும். உங்களுக்கு ஒண்ணுல மட்டும்ங்கறதால கசிவுதான்.

பாத்திரம் கழுவற சோப்பைத் தண்ணியில கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்திக்குங்க. டயர்ல ஸ்டிக்கர் அளவுக்கு காத்து நிரப்பிட்டு நாலு இடத்துல அடிங்க: தரையில படற முகப்பு முழுக்க (வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி), வால்வு மூடியைக் கழட்டிட்டு அதோட வாய், வால்வோட அடிப்பாகம், டயரும் ரிம்மும் சேர்ற விளிம்பு. மெதுவான கசிவுல குமிழி உடனே வராது. ரெண்டு மூணு நிமிஷம் காத்திருந்தா ஒரே புள்ளியில வெள்ளையா நுரை திரண்டு நிக்கும். அங்க சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. ஆணி தெரிஞ்சாலும் பிடுங்காதீங்க. இப்ப ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கறதே அதுதான்.

வால்வு வாயில நுரை வந்தா உள்ள இருக்கற சின்ன ஊசிதான் காரணம். ரெண்டு மூணு டாலர் சாமான், அதுக்கான திருகி இருந்தா நீங்களே மாத்தலாம். விளிம்புல வந்தா, பனி உருக ரோட்டுல கொட்டற உப்பு அலுமினிய ரிம்மை அரிச்சு டயர் சரியா ஒட்டாமப் போயிருக்கும். பனி கொட்டற மாநிலங்கள்ல பழைய வண்டிக்கு இது ரொம்ப சகஜம். டயரைக் கழட்டி, ரிம்மைக் கம்பி பிரஷ்ல தேய்ச்சு, விளிம்புல சீலர் தடவி மாட்டினா சரியாகும். இதைப் பார்க்காம புது டயர் போட்டீங்கன்னா, புது டயர்லயும் காத்து இறங்கும்.

பதில் 2: மேல சொன்னது சரி. முகப்புல ஆணின்னு வச்சுக்குவோம். பங்ச்சர் போடலாமாங்கறதை மூணு விஷயம் முடிவு பண்ணும்.

ஓட்டை எந்த இடத்துல இருக்குன்னு பாருங்க. முகப்போட நடுப்பகுதின்னா போடலாம். தோள்பட்டைலயோ (முகப்பும் பக்கவாட்டும் சேர்ற ஓரம்) பக்கவாட்டுலயோ இருந்தா கூடாது. சக்கரம் ஒவ்வொரு சுத்து சுத்தும்போதும் அந்த இடம் மடங்கி நிமிரும், பேட்ச் பிரிஞ்சு வந்துடும். அடுத்தது அளவு: 1/4 இன்ச்சுக்கு (6 மி.மீ.) மேல போனா டயர் அவ்வளவுதான். மூணாவது, காத்து ரொம்பக் குறைஞ்ச நிலையில ஓட்டினீங்களாங்கறது. ஓட்டியிருந்தா பக்கவாட்டு உள்பக்கம் தேய்ஞ்சு, டயருக்குள்ள கறுப்பு ரப்பர் தூள் கிடக்கும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. அந்த டயரைத் தூக்கிப் போடறதுதான் நல்லது, ஹைவேல வெடிச்சா உயிருக்கே ஆபத்து.

ஊர்ல டியூப்லெஸ் டயருக்கு வெளியிலிருந்தே பிசின் தடவின திரியைச் சொருகி அனுப்பிடுவாங்க. இங்கயும் சில கடைகள்ல அப்படிச் செய்யறாங்க. அவசரத்துக்குச் சரி, நிரந்தர ரிப்பேர் இல்ல. உள்பக்கம் பார்க்காததால சேதம் தெரியாது, ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள இருக்கற எஃகு இழை துருப்பிடிக்கும். சரியான ரிப்பேர்னா டயரை ரிம்மிலிருந்து கழட்டி, ஓட்டையைத் துளைச்சு சுத்தம் பண்ணி, உள்பக்கம் ராவி, சிமென்ட் தடவி, காளான் மாதிரி தண்டும் பேட்ச்சும் ஒண்ணா இருக்கற அடைப்பை உள்ளேயிருந்து இழுத்து, உருளையால அழுத்தி ஒட்டணும். "கழட்டி உள்ளேயிருந்து பேட்ச்சும் பிளக்கும் சேர்த்துப் போடுவீங்களா"ன்னு கடையில முதல்லயே கேட்டுடுங்க. பொதுவா 20லிருந்து 40 டாலர் ஆகும். கோஸ்ட்கோவுல (உறுப்பினர்களுக்கான பெரிய கடை) வாங்கின டயர்னா, வாங்கினவங்களுக்கு அங்க பங்ச்சர் இலவசம். வண்டியை வித்தவர் வாங்கின டயர்னா உங்களுக்கும் செல்லுமான்னு அங்க கேட்டுக்குங்க.

கேள்வி: நன்றி அண்ணா. அப்ப நாலையும் மாத்தச் சொல்றது ஏமாத்து வேலையா? ஓட்டையை அடைக்கன்னு டப்பாவுல விக்கற ஸ்ப்ரேயை டயருக்குள்ள அடிக்கலாமா?

பதில் 2: தேய்மானத்தைப் பார்க்காம ஏமாத்துன்னு சொல்ல முடியாது. ஒரு சென்ட் காசை லிங்கன் தலை கீழ இருக்கற மாதிரி டயர் பள்ளத்துல விடுங்க. தலை முழுசாத் தெரிஞ்சா 32-ல 2 பங்கு இன்ச்கூட மிச்சமில்லன்னு அர்த்தம், உடனே மாத்தணும். கால் டாலர் காசுல வாஷிங்டன் தலை உச்சி தெரிஞ்சா 4 பங்குக்குக் கீழ. மழையிலயும் பனியிலயும் பிடிப்பு குறைஞ்சிருக்கும், அந்த டயருக்கு ரிப்பேர் செலவு வீண். பக்கவாட்டுல டிஓடி (DOT)-ன்னு தொடங்கற எண்ணோட கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்க. 3519-ன்னா 2019-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செஞ்சது. பத்து வருஷம் ஆச்சுன்னா யோசிக்காம மாத்திடுங்க.

கேம்ரி முன்சக்கர டிரைவா இருந்தா ஜோடியா ரெண்டு போட்டாப் போதும். புதுசு ரெண்டும் பின்னாடி போகணும், ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்காம இருக்கத்தான். நாலு சக்கர டிரைவ் வண்டிக்குக் கணக்கு வேற. நாலு டயரோட சுற்றளவும் 1/4 இன்ச்சுக்குள்ள ஒத்திருக்கணும்னு சுபாரு கார் கம்பெனி சொல்லுது. இல்லன்னா உள்ள இருக்கற கியர் பகுதி கெட்டுப்போகும்.

ஸ்ப்ரே, கடை வரைக்கும் போய்ச் சேரத்தான். உள்ள பிசின் படிஞ்சு சுத்தம் பண்றவங்களுக்கு இம்சை, காத்தளவு சென்சாரும் அடைச்சுக்கலாம். அடிச்சிருந்தா கடையில முன்கூட்டியே சொல்லிடுங்க. அதுக்குப் பதிலா 12 வோல்ட் காத்து பம்ப் ஒண்ணு வாங்கி டிக்கில போட்டு வைங்க.

பதில் 1: ஒண்ணு சேர்த்துக்கறேன். சென்சார் வால்வு அலுமினியமா இருந்தா பித்தளை மூடி போடாதீங்க, உப்புத் தண்ணி பட்டு இறுகிடும். கழட்டப் போனா வால்வே உடையும். பிளாஸ்டிக் மூடி போதும். சக்கரம் கழட்டி மாட்டினதுக்கப்புறம் 50லிருந்து 100 மைல் ஓட்டிட்டு நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கற கருவி) வச்சு இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்க. மறுநாள் காலையிலயும் ஒரு வாரம் கழிச்சும் காத்து அளந்து பாருங்க. பேட்ச் போட்டும் இறங்கினா திரும்ப அதே கடைக்குப் போய் ரிம் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்க.