புரோகிரெசிவ் மெட்டல்: நாலு ஆல்பம் கேட்டுவிட்டேன், இப்போதாவது பேசலாமா?

சந்தேகப்பேர்வழி
நீளமான பாட்டு, மாறிக்கொண்டே இருக்கும் தாளம், சிக்கலான வாசிப்பு என்று போகும் ஹெவி மெட்டல் ராக் வகைதான் புரோகிரெசிவ் மெட்டல். "அது கிதார் வகுப்பின் வீட்டுப்பாடம்" என்று போன மாதம் இங்கே எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கேட்காமலே பேசாதீர்கள்" என்றார் ஏழரைத்தாளம். நியாயம்தான், அதுவரை நான் முழுதாகக் கேட்டது ஒன்றரைப் பாட்டு. அவர் சொன்ன நாலு ஆல்பங்கள்: ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992), 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' (1999), டூலின் 'லேட்டரலஸ்' (2001), ஓபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001).

ஒவ்வொன்றும் மூன்று தடவை. நடந்துகொண்டே ஒரு தடவை, பாடல் வரிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை, இருட்டில் சும்மா படுத்துக்கொண்டு ஒரு தடவை. எதையும் ஓட்டிவிடவில்லை.

முதல் ஆல்பத்தில் 'புல் மீ அண்டர்' பிடித்தது. எட்டு நிமிடப் பாட்டு, அலுக்கவில்லை. கடைசியில் கத்தரித்த மாதிரி நின்றதும் நெட் போய்விட்டது என்று போனை உலுக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, பாட்டே அப்படித்தானாம்.

ஆனால் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'யில் வரும் 'த டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'? ஆறு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறுகிறதாம். நடுவில் பழைய ஊமைப்படத்துக்கு வாசிப்பதுபோல ஒரு ராக்டைம் பியானோ வேறு. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தந்த சந்தோஷத்தைப் பாட்டு தரவில்லை. மூன்றாம் தடவையும் தரவில்லை.

ஏழரைத்தாளம்
மூன்று தடவை கேட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. ஆனால் அந்த ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துத் திட்டுவது சரியில்லை. அந்த ஆல்பம் முழுக்க ஒரே கதை. ஹிப்னாசிஸ் மூலம் தன் முற்பிறவியைத் தோண்டுகிறான் ஒருவன். 1928இல் கொலையான ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறது அது. நீங்கள் சிரித்த இடம் அவன் தலைக்குள் எல்லாம் கலங்கும் இடம். ராக்டைம் எதற்கு வருகிறது? அவள் வாழ்ந்த காலத்துச் சத்தம் அது. கலக்கத்தை நாலு நாலாக எண்ணியா வாசிக்க முடியும்?

சந்தேகப்பேர்வழி
இந்த விளக்கம் நன்றாக இருக்கிறது. விளக்கம் இல்லாமலும் அது என் காதுக்கு எட்டியிருக்க வேண்டாமா? எனக்கு எட்டியது நாலு பேர் ஒரே நேரத்தில் தவறில்லாமல் வாசிக்கிறார்கள் என்பது மட்டும். கலங்கியவன் அவ்வளவு சுத்தமாக வாசிக்க மாட்டான்.

சும்மா_வந்தவன்
ஓபெத் மாதிரிக் குழுக்களில் பாடகர் பாடாமல் உறுமுகிறாரே, அந்த உறுமலைப் பற்றி யாருமே பேசவில்லையே. அது பாட்டா, தொண்டைக் கட்டா?

தோல்கருவி
நான் ட்ரம்ஸ் வாசிப்பவன், அதனால் தாளத்தைப் பற்றி மட்டும். ஏழு எண்ணுவது பெரிய வித்தை இல்லை. மிச்ர சாபுவில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது யாரும் கணக்குப் பண்ணுவதில்லை, 'தகிட தகதிமி' என்று தொடை தானாகத் தட்டிக்கொள்கிறது. டூலின் 'ஸ்கீசம்' எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் பேஸ் கிதார் துண்டு ஐந்து, அடுத்து ஏழு, மறுபடி ஐந்து, ஏழு. முதலில் 'தகதகிட' என்று ஒரு சுற்று, அப்புறம் 'தகிட தகதிமி' என்று ஒரு சுற்று சொல்லிப் பாருங்கள். உள்ளே எப்படிப் பிரிகிறது என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். சுற்றின் தொடக்கம் எங்கே விழுகிறது என்பது நாலாவது சுற்றில் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு அதில் நொண்டல் தெரியாது, ஆட்டம்தான் தெரியும்.

சந்தேகப்பேர்வழி
'ஸ்கீசம்' எனக்கு எண்ணாமலே பிடித்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் உங்கள் மிச்ர சாபு என் கட்சிக்குத்தான் சாட்சி. அங்கே ஏழு என்றால் கடைசி வரை ஏழு. அது தரை. பாடுகிறவர் அதன் மேல் நடக்கிறார், ஓடுகிறார், வேண்டுமென்றே தள்ளி எடுக்கிறார், தரை அசையாது. ட்ரீம் தியேட்டரில் நான் காலை வைக்கும்போதெல்லாம் தரையை உருவிவிடுகிறார்கள். முதல் தடவை வேடிக்கை. முப்பதாவது தடவை?

இன்னொன்று. 'லேட்டரலஸ்' பாட்டின் முதல் வரிகளில் அசைகளை எண்ணினால் 1, 1, 2, 3, 5, 8 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் ஃபிபொனாச்சி வரிசை வரும் என்றும், பல்லவிப் பகுதியில் தாளம் ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கும் என்றும் பிறகு படித்தேன். படிக்கும் முன்பே அந்தப் பாட்டு என்னைப் பிடித்துவிட்டது. வரிகள் தயங்கித் தயங்கி நீள்வதைத்தான் நான் கேட்டேன், கணக்கைக் கேட்கவில்லை. இப்படிக் கணக்கு உள்ளே ஒளிந்திருந்தால் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஏழரைத்தாளம்
ஆக, தெரியாமல் இருந்தால் கலை, தெரிந்தால் பந்தா? ஒருவர் அசாத்தியமாக வாசிப்பதைப் பார்த்து வியப்பதும் ரசனைதான் ஐயா. தனி ஆவர்த்தனம் கேட்கிறவர் என்ன, அழுவதற்கா உட்கார்ந்திருக்கிறார்?

சந்தேகப்பேர்வழி
இது நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

பழையகாது
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய புரோகிரெசிவ் ராக் குழுவான கிங் கிரிம்சனின் 1974 ஆல்பம் 'ரெட்'டை இன்றும் கேட்கிறவன் நான். என் புகாரே வேறு. 'புரோகிரெசிவ்' என்று பெயரில் 'முன்னேற்றம்' இருக்கிறது, ரசிகர்களிடம் இருக்கிறதா? 2011இல் ஓபெத் உறுமலை விட்டுவிட்டு எழுபதுகளின் ராக் பக்கம் திரும்பியபோது எத்தனை பேர் முகம் சுளித்தார்கள்! குழு உண்மையிலேயே இடம் மாறியது, ரசிகர்கள் "பழைய இடத்துக்கே வா" என்றார்கள். 2024 ஆல்பத்தில் உறுமல் திரும்பி வந்ததும் ஒரே கொண்டாட்டம். எட்டு நிமிடம், கீபோர்டு, ஒற்றைப்படைத் தாளம், சோலோ என்று அச்சு வார்த்துவிட்டார்கள். அச்சில் வார்த்ததற்குப் பெயர் என்னவானாலும் முன்னேற்றம் இல்லை.

ஏழரைத்தாளம்
2011இல் முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். அதற்காக வெட்கப்படவில்லை. பிடித்த குரல் காணாமல் போனால் வருத்தம் வரத்தானே செய்யும். ஆனால் அச்சு என்கிறீர்களே, ஓபெத்தையும் மெஷுகாவையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். இரண்டுமே ஸ்வீடன் குழுக்கள், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சந்தேகப்பேர்வழி
உறுமல் பற்றிக் கேட்டவருக்கு: எனக்கும் அதுதான் பெரிய தடையாக இருக்கும் என்று நினைத்தேன். 'பிளாக்வாட்டர் பார்க்'கில் 'த டிரேபரி ஃபால்ஸ்' என்று கிட்டத்தட்ட 11 நிமிடப் பாட்டு இருக்கிறது. மெதுவாக, சோகமாக, சாதாரணக் குரலில் போகிறது. பாதி வழியில் அதே ஆள், மிக்கேல் ஓகர்ஃபெல்ட், உறும ஆரம்பிக்கிறார். நடந்துகொண்டே கேட்ட தடவை எரிச்சலாக இருந்தது. இருட்டில் கேட்ட தடவை, அவ்வளவு நேரம் அடக்கிப் பேசிய ஒருவர் இனி முடியாது என்று உடைந்த மாதிரி இருந்தது. மறுபடி அமைதியான குரல் வந்தபோது அந்தக் குரலை முன்போல நம்ப முடியவில்லை. ஆல்பம் முழுக்க இது வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டேன். முதல் பாட்டில் அது எனக்கு இன்னும் வெறும் இரைச்சல்தான். இந்த ஒரு பாட்டில் உறுமலை எடுத்துவிட்டால் பாட்டு இல்லை.

சும்மா_வந்தவன்
சரி, தொண்டைக் கட்டு என்றதை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும்.

தோல்கருவி
சந்தேகப்பேர்வழி சார், தரை உருவப்படுகிறது என்றீர்களே, ஒரே ஒரு பாட்டு. மெஷுகாவின் 'பிளீட்', 2008. கேட்டதும் இயந்திரத் துப்பாக்கி என்று தோன்றும். காலால் அடிக்கும் கிக் ட்ரம்மையும் கிதாரையும் துரத்தாதீர்கள், தொலைந்துபோவீர்கள். ட்ரம்ஸ் வாசிக்கும் தாமஸ் ஹாக்கெயின் கைகளை மட்டும் கேளுங்கள். அவர் கையால் அடிக்கும் சிம்பல் தட்டும் ஸ்நேர் ட்ரம்மும் நிதானமாக நாலு நாலாகத்தான் போகின்றன. மேலே கை அசையாத தரை, கீழே கால் வேறு கணக்கில் ஓடுகிறது. நீங்கள் கேட்ட தரை அங்கே இருக்கிறது, காலுக்கடியில் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான்.

சந்தேகப்பேர்வழி
இப்போதுதான் கேட்டு முடித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை, தலை வலித்தது. இரண்டாம் தடவை நீங்கள் சொன்னபடி ஸ்நேரை மட்டும் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் போனதும் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது, அதுவும் மிக மெதுவாக. அவ்வளவு வேகமான பாட்டுக்கு இவ்வளவு மெதுவாக ஆடலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிடித்ததா என்று கேட்காதீர்கள், இன்னும் தெரியவில்லை. 'டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' விஷயத்தில் என் வாக்கு மாறவில்லை. ஏழரைத்தாளம், அடுத்த ஆல்பம் சொல்லுங்கள். கீபோர்டு சோலோ இருந்தால் எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏழரைத்தாளம்
ஓபெத், 'டேம்னேஷன்', 2003. கீபோர்டு சத்தம் உண்டு, உங்களைப் பயமுறுத்துகிற மாதிரி இல்லை. உறுமல் ஒரு இடத்திலும் கிடையாது.

சந்தேகப்பேர்வழி
கிடையாதா? அட, இப்போதுதானே பழகினேன்.